முப்பத்தெட்டு டிகிரியில் டீச்சர்

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு ஓய்வு பெற இன்னும் இருபத்தேழு வருடங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த வாரக் கடைசியில் கொல்லிமலையை விட்டு மாற்றலாகிப் போகிறேன். உதவிப் பொறியாளர்களாக என் இடத்துக்கு நீங்கள் இருவர் வந்திருக்கிறீர்கள். ஒப்படைக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலை நேற்றே மேசை மேல் வைத்துவிட்டேன். மொத்தம் பத்தொன்பது. பதினெட்டைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, திறந்து படித்தால் புரிந்துவிடும். சிலைக் கோப்பு மட்டும் படித்தால் புரியாது. அதில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருக்கிறது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து நீங்கள் அதை நிரப்பிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குண்டனி நாட்டுப் பள்ளிக்கூடத்து முனையில் நிற்கும் வெண்கலச் சிலையை வரும் வழியில் பார்த்திருப்பீர்கள். இடது கையில் மார்போடு அணைத்த புத்தகம். வலது கை முன்னால் நீண்டு, "நீதான், எழுந்து சொல்லு" என்பதுபோல யாரையோ சுட்டும். மலைக்கு ரோடு இல்லாத காலத்தில் நடந்தே ஏறி வந்து, பெண்பிள்ளைகளை முதன்முதலில் உட்கார வைத்துப் பாடம் சொன்னவர் அவர். இந்தப் பிள்ளைகள் பேசுகிறபடியே அவர்களைப் பேச வைத்துக் கதைகள் எழுதி அச்சில் கொண்டுவந்தவர். ஊரில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. டீச்சரம்மா என்றால் அவர்தான். இப்போது வேலை பார்க்கும் மற்றவர்களெல்லாம் "அந்த டீச்சர்", "கண்ணாடி போட்ட டீச்சர்", "ஸ்கூட்டி டீச்சர்".

பீடம் கட்டுவது, சிலையை மேலே கொண்டுவருவது, நிறுத்துவது ஆகிய மூன்றும் என் பொறுப்பு. நான் தனியாகப் பார்த்த முதல் பெரிய வேலை. நாற்பத்தொரு இனங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தேன். அன்றைய எங்கள் உதவிச் செயற்பொறியாளர் அதை முழுக்கப் படித்துவிட்டு, "மூச்சு விடணும்னு மட்டும் எழுதல. மத்ததெல்லாம் இருக்கு" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பட்டியலின் மூன்று இனங்களை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பதினான்கு: மெருகில் கீறல் விழாதபடி சிலையை மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியால் முழுக்கச் சுற்ற வேண்டும். பதினைந்து: துணி நழுவாமல் கணுக்கால், இடுப்பு, தோள் என மூன்று இடங்களில் கயிறு கட்ட வேண்டும். பதினாறு: சிலையை மல்லாக்கக் கிடத்தி ஏற்ற வேண்டும். தனித்தனியாகப் படித்தால் மூன்றிலும் ஒரு பிழையும் கிடையாது. மூன்றையும் சேர்த்துப் படித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எழுபது வளைவுப் பாதையில் நீள லாரி திரும்பாது. அதனால் முள்ளுக்குறிச்சி வழி. சிலை வார்த்த பட்டறையிலிருந்து நீள லாரியில் முள்ளுக்குறிச்சி வரை. அங்கே ஹைட்ரா கிரேனால் தூக்கி, மலை ஏறுகிற குட்டை லாரிக்கு மாற்றுவது. ஹைட்ரா முன்னால் மேலே போய்க் காத்திருக்கும். திறப்பு விழா மறுநாள் காலை பத்து மணிக்கு.

பகல் பதினொன்றரைக்கெல்லாம் சிலையைக் குட்டை லாரியில் கிடத்தியாகிவிட்டது. பட்டறைக்காரர்கள் மரியாதைக்காக ஒரு பெரிய சாமந்தி மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள். குட்டை லாரியின் டிரைவர் மணி ராசிபுரத்துக்காரர். மலை ஏறுவதற்கு முன் வண்டிக்கு ஊதுபத்தி காட்டுவது அவர் வழக்கம். காட்டிவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழத்தில் செருகிச் சிலையின் தலைமாட்டில் வைத்தார்.

நான் இனம் பதினாறுக்கு டிக் போட்டுக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு பிக்-அப் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். எல்லோருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். எல்லோரும் டீச்சரம்மாவிடம் படித்தவர்கள். புதுச்சேலை கட்டி, ஆரத்தித் தட்டோடு, டீச்சரை அடிவாரத்திலிருந்தே வரவேற்றுக் கூட்டிப்போக வந்திருந்தார்கள். முன்னால் நல்லம்மாக்கா. அரியூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுபவர். சிலை வைக்க வேண்டும் என்று ஆறு வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவரும் அவர்தான்.

லாரியைப் பார்த்தார்கள். வெள்ளைத் துணி. மூன்று கட்டு. மாலை. தலைமாட்டில் ஊதுபத்தி.

கடைசியில் நின்ற இராசம்மா என்ற அக்கா, வாயில் முந்தானையை வைத்தபடி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். அவரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதைப் பார்த்த யாருக்கும் அதுதான் வந்திருக்கும். இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். அந்த வழியே டிவிஎஸ்ஸில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மணியிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"ஏனுங்க, யாருங்க எறந்தது?"

"யாரும் எறக்கலீங்க. இது செலைங்க."

"அட பாவமே," என்றார் அவர். "எப்பங்க?"

நல்லம்மாக்கா திரும்பி, "நிறுத்துடி!" என்று இராசம்மாவை ஒரு அதட்டுப் போட்டார். ஒப்பாரி பாதிச் சொல்லில் நின்றது. பிறகு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இது யார் பண்ணுன வேலை?"

"நான்தாங்கக்கா."

"அவுத்து நிக்க வெய்யி."

இங்கேதான் என் முதல் தவறு. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கினேன். ஒன்பதடி உயரச் சிலை. நிற்க வைத்தால் ஈர்ப்பு மையம் மேலே போய்விடும். வளைவில் லாரி திரும்பும்போது சாய்ந்துவிடும். போதாததற்குத் தண்ணீர்ப் பாட்டிலை லாரிப் பலகையில் நிற்க வைத்து, பலகையை ஆட்டி, அது விழுவதையும் செய்து காட்டினேன். நல்லம்மாக்கா பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறந்தார், அண்ணாந்து குடித்தார், மூடி என் கையில் கொடுத்தார்.

"படிச்ச புள்ள சொல்றது சரியாத்தான் இருக்கும் கண்ணு. அது பாட்டலுக்கு. இது எங்க டீச்சரு."

"அக்கா, படுக்க வைக்கிறது பாதுகாப்புக்காகத்தானே தவிர..."

"நாஞ் சொல்றதக் கேளு. ரோடு வாரதுக்கு முந்தி, ஒடம்புக்கு முடியாதவங்களத் தூளி கட்டிப் படுக்க வெச்சுத்தான் மலையிலிருந்து கீழ தூக்கியாருவோம். பொழச்சவங்க நடந்து மேல வருவாங்க. படுத்துக்கிட்டு மேல வந்தா அது பொணம். டீச்சரம்மா கடைசியாக் கீழ போனது ஜீப்புல படுத்துக்கிட்டு. 'வாரேன் நல்லம்மா'ன்னு கையக் காட்டிட்டுப் போனாங்க. அப்புறம் சேதிதான் வந்துது. மூஞ்சியக்கூட நாங்க பாக்கல. இன்னிக்கித்தான் திரும்பி வாராங்க. படுத்துக்கிட்டா வருவாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் லாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்ற பதினொருவரும் உட்கார்ந்தார்கள். இராசம்மா ஆரத்தித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த காவலர் என் பக்கத்தில் வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். ரெண்டு நிமிசத்துல கிளப்பிடறேன்" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நேரம் பகல் பன்னிரண்டு. நான்கு மணிக்கு மேல் மலையில் மூடுபனி இறங்கிவிடும். வெளிச்சம் போவதற்குள் சிலையை நிறுத்தாவிட்டால் காலையில் விழா வெறும் பீடத்துக்குத்தான் நடக்கும். சட்டப்படி லாரி என் பொறுப்பு, பாதை பொதுப்பாதை, என் முடிவு தொழில்படி சரி. "சரி" என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அப்போது இராசம்மா மடியில் இருந்த தட்டைப் பார்த்தேன். கற்பூரம் இன்னும் கொளுத்தப்படாமல் இருந்தது. வாயை மூடிக்கொண்டு, உதவிச் செயற்பொறியாளருக்கு போன் செய்தேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "செலைக்கு ஆபத்தா?" என்றார்.

"நிக்க வச்சா ஆபத்துங்க சார்."

"ஆளுக்கு ஆபத்தா?"

"நிக்க வச்சா ஆளுக்கும்தாங்க சார்."

"அப்ப நிக்க வைக்காத. படுக்க வச்சாத்தான் முடியுமா, இல்ல உனக்கு அதுதான் தெரியுமா?"

நான் லாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நேரத்தைப் பத்தி நான் பதில் சொல்லிக்கிறேன். நீ யோசி." போனை வைத்துவிட்டார்.

என்னை அவர் திட்டியதே கிடையாது. அந்தக் கேள்வி ஒன்றுதான். அதை இன்றும் வாரத்துக்கு ஒரு முறையாவது எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் விடையைத் தந்தது வேறு ஆள். மணிக்குப் பசி. காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. லாரிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றவர் எல்லோருக்கும் கேட்கும்படி எரிந்து விழுந்தார்: "நிக்கவும் கூடாது, படுக்கவும் கூடாதுன்னா, நான் என்ன டீச்சருக்கு ஈஸி சேரா போட்டுத் தர்றது?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். காவலரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து ஒரு முக்கோணம் வரைந்தேன்: சிலை சாய்ந்திருக்க ஒரு மரச் சாய்மானம்.

முள்ளுக்குறிச்சியில் வீடு கட்டுகிற வேலைக்குப் பஞ்சமில்லை. இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சென்ட்ரிங் ஆட்களைக் கேட்டேன். பலகையும் சட்டமும் தந்தார்கள், தாங்களும் வந்தார்கள். கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு சாய்வு? வளைவின் ஆரம், ஈர்ப்பு மையம், சங்கிலிகளின் தாங்குதிறன், மேலே தொங்கும் மின்கம்பி எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டேன். நாற்பது டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இந்த எண்ணை நான் யாரிடமும் சொல்லவில்லை. பேசப் போவதற்கு முன் விட்டுக்கொடுக்க முடியாத எல்லை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

"பதினஞ்சு டிகிரி போதுங்களாக்கா?" என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. காட்டு."

காட்டுவதற்கு ஆள் வேண்டும். இராசம்மாவை ஒரு பலகையில் படுக்க வைத்தோம். இரண்டு சென்ட்ரிங் ஆட்கள் தலைப்பக்கத்தைத் தூக்க, நான் கைப்பேசியைப் பலகையில் வைத்துச் சாய்வை அளந்தேன். நல்லம்மாக்கா பத்தடி தள்ளி நின்று, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

பதினைந்து. "தலகாணி வெச்ச பொணம்."

இருபத்தைந்து. "காய்ச்சக்காரி. கஞ்சி ஊத்தறதுக்குச் சாச்சு வெச்சிருக்குது."

முப்பது. "எனக்கு இதே சொகமா இருக்குதுடி," என்றார் இராசம்மா பலகையிலிருந்து.

"நீ பேசாத. செல பேசுமா?"

முப்பத்தைந்தில் நல்லம்மாக்கா கிட்டே வந்தார். என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி இராசம்மாவின் கையில் விரித்து வைத்தார். மறுபடி பத்தடி பின்னால் போனார். "இன்னுங் கொஞ்சம்." ஆட்கள் தூக்கினார்கள். "இன்னுந் துளியூண்டு." தூக்கினார்கள்.

"ஆங். போதும். இது படிக்கிறது."

கைப்பேசியைப் பார்த்தேன். முப்பத்தெட்டு. அவர் நாற்பத்தைந்தில் நிறுத்தியிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அன்று என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஒரு மனுஷி நோயாளியாகத் தெரிவதற்கும் வாசகியாகத் தெரிவதற்கும் இடையே பதின்மூன்று டிகிரி இருக்கிறது. இது எந்தக் கையேட்டிலும் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. சாய்மானத்தின் முதுகு டிரைவர் அறைக்குப் பின்னுள்ள இரும்புத் தடுப்பில் அழுந்தி நிற்க வேண்டும். ஏற்றத்தில் சிலை பின்னால் வழுக்காமல் பாதப்பலகைக்குக் கட்டை கொடுக்க வேண்டும். அதாவது டீச்சர் பின்பக்கம் பார்த்துத்தான் வர முடியும்.

"வந்த வழியப் பாத்துக்கிட்டா வருவாங்க?" நல்லம்மாக்கா மறுபடி உட்காரப் போனார்.

"இது முடியாதுக்கா," என்றேன். "சாய்வை நீங்க சொன்னீங்க, கேட்டேன். இதை நான் சொல்றேன், நீங்க கேக்கணும். திருப்பி வச்சா டீச்சர் பள்ளிக்கூடம் போய்ச் சேரமாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அரை உட்காரலில் நின்றார். பலகையிலிருந்து எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டிருந்த இராசம்மாதான் காப்பாற்றினார்.

"ஏன்டி நல்லம்மா, பின்னால பிக்-அப்புல நாமதான வாரோம்? டீச்சரு என்னிக்கி நம்மளப் பாக்காம நின்னிருக்காங்க? முதுகக் காட்டறதெல்லாம் போர்டுக்குத்தான்."

சாய்மானத்தைக் கட்டி முடிக்க இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. வெள்ளைத் துணியை அவிழ்த்தாகிவிட்டது. சிலை படுகிற இடங்களில் எல்லாம் பிக்-அப்பில் உட்காரப் போட்டிருந்த வைக்கோல் மூட்டைகளைச் செருகினோம். ஹைட்ரா டீச்சரைத் தூக்கிச் சாய்மானத்தில் மெதுவாக இறக்கியபோது நல்லம்மாக்கா தானே போய் அந்த ஊதுபத்தியைப் பிடுங்கி எறிந்தார். அப்புறம்தான் கற்பூரம் கொளுத்தினார்கள்.

நான் மணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் ஐம்பது மீட்டர் இடைவெளியில் பிக்-அப். அதற்கும் பின்னால் எங்கோ ஒரு டவுன் பஸ் வந்து சேர்ந்துகொண்டது. இடம் கிடைத்த இடத்திலெல்லாம் மணி ஒதுங்கிக் கை காட்டினார்; பஸ் முந்தவேயில்லை, ஹாரனும் இல்லை. மேலே போய் டீக்கடையில் கேட்டபோது பஸ் டிரைவர் சொன்னார்: "எப்படீங்க முந்தறது? கைய நீட்டி, அங்கயே இருன்னு சொல்றாங்க. எனக்குக் கணக்குப் பாடம் ஞாபகம் வந்துடுச்சு."

பிக்-அப்பில் நடந்ததை இராசம்மா பிறகு சொன்னார். ஏற்றம் செங்குத்தாகும்போதெல்லாம் லாரியின் முன்பக்கம் உயரும். சாய்மானமும் கூடவே நிமிரும். ஒவ்வொரு கடும் ஏற்றத்திலும் "எந்திரிக்கிறாங்கடி!" என்று ஒருத்தி சொல்ல, பன்னிரண்டு பேரும் கதை பேசுவதை நிறுத்திவிட்டு நேராக உட்கார்ந்தார்களாம். ரோடு சமமானதும் டீச்சர் மறுபடி சாய்ந்துகொள்வார். இவர்களும் மறுபடி பேசத் தொடங்குவார்கள். அதிலும் அந்த விரல் முழுப் பயணமும் தன்னையே காட்டியது என்று பன்னிரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். எல்லோருக்கும் முடிக்காத வீட்டுப்பாடம் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

மூன்று முறை லாரியை நிறுத்தி, சாய்மானத்தைப் பிடித்திருந்த மர ஆப்புகளைச் சரிபார்த்தேன். மூன்றாவது முறை இடது பக்க ஆப்பு இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. சிரிப்பெல்லாம் அங்கே நின்றது. மூடுபனிக்குள் நின்று நானே சுத்தியலால் அடித்து ஏற்றினேன். கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருந்தால், நாற்பத்தைந்து டிகிரியில், முன்பக்கம் பார்த்து, அந்த ஆப்பு என்ன செய்திருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பயிற்சிக்கு நல்லது.

ஐந்தே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்து முனை. வெளிச்சம் இருந்தது. ஹைட்ரா தூக்கியது, டீச்சர் சாய்மானத்திலிருந்து எழுந்து, காற்றில் ஒரு கணம் திரும்பி, பீடத்தில் கால் ஊன்றினார். தரையில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் யாரும் சொல்லாமல் எழுந்து நின்றார்கள். பிறகு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இழுத்துச் சொல்வார்களே, அதே இழுவையில்:

"வ-ண-க்-க-ம் டீச்சர்."

நான் பீடத்தின் பின்பக்கம் போல்ட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் நான்கு. அன்று ஏழு தடவை எண்ணினேன்.

மறுநாள் விழா நன்றாக நடந்தது. திரைச்சீலை பச்சைப் பட்டு. வெள்ளை கூடாது என்று நான் எழுத்திலேயே கொடுத்திருந்தேன். அறிக்கையைப் பார்த்த உதவிச் செயற்பொறியாளர், "முப்பத்தெட்டு எந்தக் கையேட்டுல இருக்கு?" என்று கேட்டார். "இராசம்மாங்க சார்" என்றேன். "அப்படி எழுதாத. களநிலைக்கேற்பன்னு எழுது" என்றார்.

கடைசியாக அந்தக் கட்டம். நிறைவுப் படிவத்தின் முப்பத்தொன்பதாவது இனம்: "தற்காலிக அமைப்புகள் அகற்றப்பட்டனவா?" விழா முடிந்த மறுவாரம் சாய்மானத்தைப் பிரித்து முள்ளுக்குறிச்சிக்கு அனுப்பலாம் என்று போனேன். முனையில் அதைக் காணோம். பள்ளிக்கூடத்துப் புத்தக அறையில் இருந்தது. அதில் மூன்று பிள்ளைகள் வரிசையாகச் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது பிள்ளை இடம் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நல்லம்மாக்கா.

"அது டீச்சரு சேரு அம்மிணி. அதுல ஒக்காந்துதான் மேல வந்தாங்க."

பலகைக்குச் சொந்தக்காரரை நானே கூட்டி வந்து காட்டினேன். சுற்றி வந்து பார்த்தார். குனிந்தார். "இங்க ஒரு ஆணி நீட்டிக்கிட்டிருக்குது, புள்ளைங்களுக்குக் கிழிச்சுடும்" என்று சொல்லி, ஒரு கல்லை எடுத்து அதை உள்ளே அடித்துவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அகற்றப்பட்டது என்று எழுதினால் பொய். அகற்றப்படவில்லை என்று எழுதினால் யாராவது வந்து அகற்றிவிடுவார்கள். என் வேலையில் நான் காலியாக விட்ட ஒரே கட்டம் அது. நாளை முதல் கோப்பு உங்களிடம் இருக்கும். அதை அப்படியே விடுங்கள். வருடாந்திர ஆய்வுக்குப் போகும்போது சிலையின் போல்ட்டுகளைப் பாருங்கள், பீடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு புத்தக அறைக்குள் போய், பிள்ளைகளைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி, சாய்வையும் ஒரு தடவை அளந்துவிட்டு வாருங்கள். முப்பத்தெட்டு இருக்க வேண்டும்.